இரவு பத்தரை மணிக் குப்பை

கேள்வி கேட்டவர் ஒரு நகராட்சியில் ஏழு மேசை போட்டு டிபன் கடை நடத்துகிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: கடைக்குப் பக்கத்து முக்கில் குப்பை குவிகிறது, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள், நாற்றத்தில் வாடிக்கையாளர்கள் உட்கார மாட்டேன் என்கிறார்கள். நகராட்சியில் போய்ச் சொன்னால் மறுநாளே ஆய்வாளர் வந்து அவருக்கே ஆயிரம் ரூபாய் அபராதம் எழுதிவிட்டுப் போகிறார். "சொத்து வரி, தொழில் வரி, லைசென்ஸ், குப்பைக் கட்டணம் எல்லாம் கட்டுறேன். இதுபோக உணவுப் பாதுகாப்பு அதிகாரி வேற வர்றார். இத்தனைக்கும் எனக்கு என்ன கிடைக்குது? யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்று முடித்திருக்கிறார்.

ஒரே ஆதங்கமாகத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குப்பை ஏன் எடுபடவில்லை, எடுக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு என்னை ஏன் பிடிக்கிறார்கள், எந்த அதிகாரி எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது. நான் நான்கு நகராட்சிகளில் 29 ஆண்டுகள் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு அபராதம் எழுதியவரின் இடத்தில் நின்றவன் என்பதால் என் பதிலில் அந்தப் பக்கத்துச் சாய்வு கொஞ்சம் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நான் வக்கீலும் இல்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு முற்றினால் வக்கீலைப் பாருங்கள்.

முதல் கேள்விக்கு என் பதில் ஒரு கடைத்தெருவில் இருந்து தொடங்குகிறது. நான் வேலை பார்த்த ஒரு ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெரு. காலை ஏழரைக்கு எங்கள் ஆட்கள் கூட்டி அள்ளி பிளீச்சிங் பவுடர் போட்டு முடித்துவிடுவார்கள். மறுநாள் விடியற்காலை போனால் அதே முக்கில் இடுப்பளவு குப்பை. தினமும் புகார், தினமும் மேஸ்திரிக்குத் திட்டு. அவர் ஒருநாள் என்னிடம், "சார், ஒரு ராத்திரி வந்து உக்காந்து பாருங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க" என்றார். போனேன். மூடிக்கிடந்த தையற்கடைத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்தோம். 9.20-க்குப் பழக்கடைக்காரர் அழுகின சாத்துக்குடியையும் வைக்கோலையும் கொண்டுவந்து கொட்டினார். 9.45-க்கு ஜவுளிக்கடைப் பையன் அட்டைப் பெட்டிகளும் சட்டை உறைகளும். பத்து மணிக்குச் சலூனிலிருந்து ஒரு முடி மூட்டை. 10.35-க்கு டிபன் கடைப் பையன் எச்சில் இலைக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாம்பார் அண்டா அலசிய தண்ணீரையும் அதன் மேலேயே ஊற்றிவிட்டுப் போனான். பதினொன்றுக்கு நாய்கள், அதன்பின் இரண்டு மாடுகள். பன்னிரண்டு மணிக்கு அந்தக் குவியல் பாதி ரோட்டுக்கு வந்திருந்தது.

எங்கள் தள்ளுவண்டி அந்தத் தெருவுக்கு வருவது காலை ஆறரைக்கு. அப்போது பழக்கடை, ஜவுளிக்கடை, சலூன் எல்லாம் பூட்டிக் கிடக்கும். டிபன் கடையில் ஆள் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பான். விசில் அடித்தால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வண்டி காலியாகவே தெருவைத் தாண்டும், பிறகு முக்கில் நின்று மண்வெட்டியால் அள்ளும். நகராட்சியின் நேரம் வீடுகளைப் பார்த்து வகுத்த நேரம். கடைத்தெருவின் குப்பை பிறப்பது ராத்திரி பத்தரைக்கு. எட்டு மணி நேர இடைவெளியைத்தான் நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறீர்கள். ஆள் பற்றாக்குறை, வண்டி பழுது, ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராதது, அதனால் தொழிலாளிக்குச் சம்பளம் தள்ளிப்போவது என்று வேறு காரணங்களும் உண்டு. உங்கள் ஊரில் இரண்டு மூன்று நாள் எடுக்காமலே கிடக்கிறது என்றால் அவற்றில் ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஆள் முழுசாக வந்த ஊர்களிலும் கடைத்தெரு முக்கு நாறியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நேரப் பிசகைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னொன்றும் நடந்தது. முன்பு முக்குக்கு முக்கு சிமெண்டுத் தொட்டியோ இரும்புத் தொட்டியோ இருந்தது. வீடு வீடாக வாங்குவதால் இனி தொட்டி வேண்டாம், 'குப்பைத்தொட்டி இல்லா நகரம்' ஆக்குகிறோம் என்று அவற்றை எடுத்தோம். தொட்டி போனது, இடம் போகவில்லை. தொட்டி இருந்த இடத்திலேயே மூட்டை விழுந்தது. அங்கே கோலம் போட்டோம், சுவரில் சாமி படம் வரைந்தோம், பூச்செடித் தொட்டி வைத்தோம். சாமி படத்துக்கு ஒரு மாதம் மரியாதை இருந்தது. பூச்செடித் தொட்டி இரண்டாம் வாரமே காணாமல் போனது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு பக்கமும் கடமை வைத்தன. வீடுகள் மட்டுமல்லாமல் கடைகள், நிறுவனங்கள் எல்லாவற்றிலும் வாசலுக்கே வந்து குப்பை வாங்குவது உள்ளாட்சி அமைப்பின் வேலை. மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துக் கொடுப்பதும், தெருவிலோ சாக்கடையிலோ போடாமலும் எரிக்காமலும் இருப்பதும், உள்ளாட்சி விதிக்கும் சேவைக் கட்டணத்தைக் கட்டுவதும் குப்பையை உண்டாக்குபவரின் வேலை. விதிகளை அவ்வப்போது திருத்தி எழுதினாலும், வாங்குவது அவர்கள் கடமை, பிரித்துக் கொடுப்பது நம் கடமை என்ற அடிப்படை மாறவில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று அந்த விதிகள் தனியாக வைத்தன. கல்யாண மண்டபம், பெரிய ஓட்டல் எல்லாம் அதில் வரும், அவர்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே கையாள வேண்டும். ஏழு மேசை டிபன் கடையில் இலை, காய்கறித் தோல், தேங்காய்த் தொட்டி எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. "உங்க குப்பையை நீங்களே பாத்துக்கணும்" என்று யாராவது சொன்னால், ஒரு வாரம் எடை போட்டு எழுதி வைத்துக் காட்டுங்கள்.

உங்களை ஏன் பிடிக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். புகார் வந்தால் நாங்கள் முதலில் செய்வது ஒரு குச்சியால் குவியலைக் கிளறுவது. பில், கூரியர் கவர், மருந்துச் சீட்டு, கடைப் பெயர் அச்சடித்த பை, ஏதாவது ஒன்றில் முகவரி இருக்கும். ஜவுளிக்கடைக்காரர் தன் பெயர் போட்ட பையைக் குப்பையில் போட மாட்டார், அவர் விவரமானவர். டிபன் கடைக்கு முகவரியே தேவையில்லை. எச்சில் இலை கிடந்தால் அந்தத் தெருவில் யார் கடை என்று எல்லோருக்கும் தெரியும். எனவே ஐந்து பேர் போட்ட குப்பைக்கு ஒருவர் பெயரில் ரசீது விழும். இது நியாயமா என்றால் இல்லை. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆய்வாளருக்கு மாதம் இவ்வளவு அபராதம் வசூல் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வரும் காலங்களும் உண்டு. அந்த மாதங்களில் கையில் சிக்கியவர்தான் குற்றவாளி.

உங்களுக்கு எழுதிய ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்தக் குற்றத்துக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தெருவில் குப்பை கொட்டியதற்கா, பிரித்துக் கொடுக்காததற்கா, பிளாஸ்டிக் வைத்திருந்ததற்கா? மூன்றும் வேறு வேறு. காரணம் எழுதாமல் தொகை மட்டும் இருந்தால் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதி, எந்த விதியின் கீழ், எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கண்டறிந்தது என்று கேளுங்கள். பணம் திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன், பெரும்பாலும் வராது. அடுத்த முறை எழுத வருபவர் கொஞ்சம் யோசிப்பார். ரசீதே தராமல் வாங்கினால் அது அபராதமே இல்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் விஷயத்தில் கடைக்காரர்கள் மத்தியில் குழப்பம் அதிகம். 2018 ஜூன் மாத அரசாணைப்படி தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை உபயோகப் பிளாஸ்டிக்குக்குத் தடை. கேரி பேக் எந்த மைக்ரானாக இருந்தாலும் கூடாது. டிபன் கடைக்காரர்களைக் கடிப்பது இவை: இலைக்குப் பதிலாக விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் தட்டும் பேப்பர் கப்பும். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் நம்புவதில்லை. "பேப்பர் கப்புதானே சார்" என்பார்கள். உள்ளே விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெழுகு மாதிரி ஒரு படலம் உரிந்து வரும். அது பிளாஸ்டிக். இதை எதிர்த்துப் பேப்பர் கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப்புக்கான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. துணி மாதிரி இருக்கும் நெய்யாத பைகளைப் பற்றி மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். ஊரெல்லாம் பேப்பர் கப்பில்தான் டீ குடிக்கிறார்கள் என்பது உண்மை. யாரும் பிடிக்காததால் அது அனுமதி ஆகிவிடாது. பிடிக்கிற நாளில் நீங்கள் வாதாட முடியாது.

அபராதத் தொகையை 2019 ஜூனில் கடையின் அளவுக்கேற்ப வைத்தார்கள். சிறு வியாபாரிக்கு முதல்முறை 100, அடுத்து 200, மூன்றாவது 500. மளிகை, மருந்துக்கடை போன்ற நடுத்தரக் கடைக்கு 1,000, 2,000, 5,000. பெரிய வணிக நிறுவனங்களுக்கு 10,000-ல் தொடங்கும். உங்களுக்கு ஆயிரம் எழுதியிருக்கிறார்கள் என்றால், பிளாஸ்டிக்குக்காக எழுதியிருந்தால், உங்களை நடுத்தரக் கடையாக வைத்திருக்கிறார்கள். ஏழு மேசைக் கடை எதில் சேரும் என்பதில் பேச இடம் இருக்கிறது. கடிதத்தில் அதையும் கேளுங்கள். சாம்பார், சட்னி கட்டிக் கொடுப்பதற்கு நல்ல மாற்று இல்லை என்பது உண்மையான கஷ்டம். பாத்திரம் கொண்டுவந்தால் இரண்டு ரூபாய் குறைவு என்று எழுதிவைத்து, காலை நேரத்தில் தூக்குவாளிக்காரர்களை மட்டும் தனி வரிசையாக முதலில் அனுப்பிய ஒரு கடைக்காரரை எனக்குத் தெரியும். அவர் கவர் செலவு பாதியானது என்றார். இந்த முறை நெடுஞ்சாலைக் கடைக்குச் சரிப்படாது, உள்ளூர் வாடிக்கை இருக்கும் கடைக்குச் சரிப்படும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. தனியாகப் போய்ப் புகார் சொன்னால் நீங்கள்தான் கண்ணில் படுவீர்கள். தெருவில் குறைந்தது பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். 'குப்பை எடுக்கவில்லை, நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதினால், "இன்று எடுக்கப்பட்டது" என்று ஒரு போட்டோ போட்டு மனுவை முடித்துவிடுவார்கள். நானே அப்படி எத்தனையோ முடித்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, 'எங்கள் தெருவில் இத்தனை கடைகள், இரவு 10 மணிக்கு அடைக்கிறோம், காலை வண்டி வரும்போது கடை திறந்திருப்பதில்லை, ஆகவே இரவு 9.30-க்கும் 10.30-க்கும் இடையில் ஒரு வண்டி வேண்டும், நாங்கள் பிரித்து வாளியில் வைத்துக் கையில் கொடுக்கிறோம், தெருவில் போட மாட்டோம்' என்று எழுதுங்கள். இது புகார் இல்லை, கோரிக்கை. இதை ஒரு போட்டோவால் முடிக்க முடியாது. ஆணையர் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதியாக வேண்டும். ஒரு நகலை நகர்நல அலுவலருக்கும் ஒன்றை வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். தபால் பிரிவில் முத்திரை போட்ட ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு எந்த வண்டி வர வேண்டும் என்ற பணிப் பட்டியல் நகல், ஒப்பந்தத்தில் எடுப்பதாகச் சொன்ன முறைகள், கடந்த மாத வருகைப் பதிவேடு நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல ஊர்களில் விண்ணப்பம் போன மறு வாரமே வண்டி ஒழுங்காக வரத் தொடங்கிவிடும், நகல் வந்து சேராவிட்டாலும். 'முதல்வரின் முகவரி' புகார் எண்ணான 1100, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் இரண்டுமே கடைசியில் அதே ஆய்வாளர் மேசைக்குத்தான் திரும்பி வரும். ஆனால் ஒரு எண்ணோடு வரும், அதற்கு அவர் பதில் எழுத வேண்டும். அந்த அளவுக்குப் பயன்.

குப்பைக் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்திவைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். நிலுவை ஏறும், உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். உங்கள் கை அப்போது அழுக்காகிவிடும். வாடகைக் கடை என்றால் இன்னொரு விஷயம் பாருங்கள்: கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்து கட்டட உரிமையாளர் பெயரில் போகும். அவர் உங்களிடம் மாதாமாதம் வாங்குவதும் நகராட்சிக்குக் கட்டுவதும் ஒன்றா என்று ரசீதைக் கேட்டுப் பாருங்கள்.

மக்கும் குப்பையில் பாதியை நகராட்சிக்குக் காட்டாமலேயே தீர்க்கலாம். மீந்த சோறும் சாம்பாரும் கலந்த எச்சிலை எடுக்கப் பன்றி வளர்ப்பவர்கள் டிரம்மோடு வருவார்கள், வாழையிலையையும் காய்கறித் தோலையும் மாடு வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். தேங்காய்த் தொட்டிக்கு விலையே உண்டு. ஒரே நிபந்தனை, பல்குச்சியும் கவரும் ஊதுபத்திக் கட்டையும் அதில் விழக்கூடாது. அட்டை, எண்ணெய் டின், பால் கவரைத் தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தால் அவர்களுக்கு அதில் சில்லறை தேறும். அப்புறம் உங்கள் கடை முன் விசில் கொஞ்சம் அதிக நேரம் அடிக்கும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். அப்படிக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் கூட்டுப்பொருள் அதில் 25 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் சமையலுக்குக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பழைய எண்ணெயை வாங்கிப் பயோ டீசலுக்கு அனுப்பும் முகவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை இனிச் சொல்கிறேன், நீங்கள் கேட்காத விஷயம்தான் என்றாலும்.

கடைத்தெருச் சாக்கடையைத் தூர்வாரப் போனால் முதலில் கடப்பாரைதான் தேவைப்படும். ஒவ்வொரு கடையும் வாசலுக்கு ஏறும் படியைச் சாக்கடை மேல் கான்கிரீட்டாகப் போட்டிருக்கும். தூக்குவதற்கு வளையம்கூட இருக்காது. பத்தடிக்கு ஒரு இடத்தில் நான்கு கம்பியை விட்டு நெம்பினால் உள்ளே வெள்ளையாக, சோப்புக் கட்டி மாதிரி கெட்டியாக ஒன்று சாக்கடையை அடைத்துக்கொண்டிருக்கும். எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் குளிர்ந்து உறைந்தது. அதற்கு மேல் தண்ணீர் போகாது, மழைக்கு உங்கள் கடைக்குள்ளேயே திரும்பி வரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சின்னத் தடுப்புத் தொட்டி கட்டினால் எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், வாரம் ஒருமுறை வழித்து எடுத்துவிடலாம். கொத்தனார் ஒருநாளில் கட்டிவிடுவார். படிக்கட்டைத் தூக்கி எடுக்கும்படி இரும்புச் சட்டத்தில் மாற்றிவிடுங்கள். ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் ஜேசிபி கான்கிரீட்டைத்தான் உடைக்கும்.

அடைப்பு எடுக்க யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். செப்டிக் டேங்க்காக இருந்தாலும் பாதாள சாக்கடை மூடியாக இருந்தாலும் சரி. "ஐந்நூறு குடுத்தா இறங்கிடுவான் சார்" என்று யாராவது ஆள் காட்டுவார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை அப்படி இறக்குவது குற்றம், முதல்முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. என் பணிக்காலத்தில் ஒரு லாட்ஜின் பின்பக்கம் மூடி திறந்த தொட்டியருகே நின்றிருக்கிறேன். முதல் ஆள் இறங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சத்தம் இல்லை. அவரைத் தூக்கக் குனிந்த அவருடைய மைத்துனரைப் பின்னாலிருந்து இருவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அவர் பிழைத்தார். விஷவாயுவின் நாற்றத்தை எச்சரிக்கையாக நம்ப முடியாது. அழுகிய முட்டை வாடை முதலில் வரும், அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் அதுவும் தெரியாது. லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொல்லுங்கள், எத்தனை நாள் கடை மூடினாலும் சரி.

யார் எதைக் கேட்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரு, குப்பை, சாக்கடை, கொசுப்புழு, பிளாஸ்டிக், தொழில் உரிமம் நகராட்சிக்காரர் வேலை. மாடியில் மூடியில்லாத தண்ணீர் டேங்க்கைப் பார்த்து அவர் நோட்டீஸ் கொடுக்கலாம். மாவு புளித்துப்போனது, எண்ணெய் கறுத்தது, ஈ மொய்த்தது எல்லாம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலை. அவர் நகராட்சிக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, மாவட்ட நியமன அலுவலரின் கீழ் வருகிறார். அது என் துறை இல்லை, பக்கத்தில் நின்று பார்த்த அளவில் சொல்கிறேன். குறை கண்டால் முதலில் மேம்பாட்டு அறிவிப்பு கொடுத்து, சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தருவதே 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழக்கமான முறை. உடனடி ஆபத்து இருந்தால்தான் உடனே மூடலாம். மாதிரி எடுத்தால் அதை நான்காகப் பிரிக்க வேண்டும், நீங்கள் கேட்டால் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம், செலவு உங்களுடையது. பகுப்பாய்வு முடிவில் சந்தேகம் இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. இந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போடுமுன் நிதானமாகப் படியுங்கள், ஆளை உட்காரவைத்து ஒரு காபி கொடுத்துவிட்டுப் படித்தாலும் தப்பில்லை.

தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும், அரசியல் சட்டமே அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது வரி. அதற்கு ஈடாக இன்ன சேவை என்று கணக்குக் கேட்க முடியாது. குப்பைக் கட்டணமும் உரிமக் கட்டணமும் அப்படி இல்லை, ஒரு சேவைக்காகவும் ஒரு மேற்பார்வைக்காகவும் வாங்குவது. "எனக்கு என்ன கிடைக்குது" என்ற உங்கள் கேள்வியை அந்த இரண்டின் மேல் வைத்துக் கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

ரசீது இல்லாமல் கை நீட்டுவதைப் பற்றி. எங்கள் துறையில் அது இல்லை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டால் அவருக்கு விலக்கு உண்டு. மாதாமாதம் மாமூல் கொடுத்துப் பழகியவருக்கு இந்த விலக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பது சந்தேகம். அதனால் தொடங்காமல் இருப்பதே லாபம். கடையில் பிளாஸ்டிக் இல்லை, தெருவில் உங்கள் இலை இல்லை என்றால் கேட்பவருக்கும் பிடி இருக்காது.

அந்த பஸ் ஸ்டாண்டுத் தெருவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். திண்ணையில் உட்கார்ந்த ராத்திரிக்குப் பிறகு கடைக்காரர்களைக் கூட்டிப் பேசினேன். ஒருவருக்கும் வீட்டுக்குப் போகிற நேரத்தில் காத்திருக்கப் பொறுமை இல்லை. கடைசியில் டிபன் கடைக்காரர்தான் பத்தரைக்கு மேல் அடைப்பவர் என்பதால், மற்றவர்கள் தங்கள் வாளியை அவர் கடையின் பக்கவாட்டில் வைத்துவிட்டுப் போவது, வண்டி வந்ததும் அவர் ஆள் கொடுப்பது என்று ஏற்பாடு ஆனது. நகராட்சியில் ஒரு பேட்டரி வண்டியையும் இரண்டு ஆட்களையும் காலை ஷிப்டிலிருந்து பிரித்து ராத்திரிக்குப் போட ஆணையரிடம் கையெழுத்து வாங்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது. ஓட ஆரம்பித்த பின் முதல் பத்து நாள் முக்கில் கோலம் அழியாமல் இருந்தது. ஒன்றேகால் ஆண்டு ஓடியது. பிறகு ஒப்பந்தம் வேறு கைக்கு மாறியது. புதியவருக்கு ராத்திரி வண்டி பற்றி யாரும் சொல்லவில்லை, ஒப்பந்தப் பட்டியலிலும் அது இல்லை. மூன்றாம் நாள் டிபன் கடைக்காரர் என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார், பழைய மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தபடி. மறுபடி எழுதினோம். இந்த முறை 'ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்' என்று ஒரு வரி கூடுதலாக.